கணவாயைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்: உயர மலைகளில் பல நாள் நடைக்கு முழுமையான வழிகாட்டி

வரைபடத்தை விரித்தால் கண் முதலில் ஏரிகளைத்தான் தேடும். நீலப் பொட்டுகளாகத் தெரியும் அவற்றை ஒரு கோட்டால் இணைத்து, ஐந்து நாளில் ஐந்து ஏரி என்று திட்டம் போட்டுவிடத் தோன்றும். ஆனால் பயணத்தை நடத்துவது ஏரிகளுக்கு நடுவே நிற்கும் கணவாய்கள்தான். எத்தனை மணிக்குக் கணவாயின் மேல் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எழும் நேரம், முந்தைய இரவு தங்கும் இடம், பையின் எடை, எடுத்துப்போகும் சாப்பாடு எல்லாம் அமையும். இந்த வழிகாட்டியும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகிறது.

ஓரிரு நாள் மலைநடை போய்ப் பழகி, அடுத்ததாக நான்கு முதல் ஏழு நாள் வரை சொந்தச் சுமையைத் தாமே தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கயிறு கட்டி ஏறும் பாதைகளும் பனிப்பிளவுகள் உள்ள பனியாறுகளும் இதில் வராது. அவற்றுக்குத் தனிப் பயிற்சியும், கூடவே தெரிந்த ஆளும் வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுப்பது

முதல் வேலை, ஒவ்வொரு முகாமிலிருந்தும் வெளியேறும் வழியைக் குறிப்பது. பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை.

உயரத்தில் இருக்கும் ஏரி பெரும்பாலும் ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கும். பழைய பனியாறு குடைந்துவிட்டுப் போன கிண்ணம் அது. ஒரு கணவாய் வழியாக அதற்குள் இறங்கி, இன்னொரு கணவாய் வழியாக மேலேறி வெளியே போவீர்கள். நடுராத்திரியில் கூட்டாளிக்கு உயர நோய் (மேலே காற்றழுத்தம் குறைவதால் வரும் உபாதை) வந்தால் அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் இரண்டு பக்கமும் கணவாய் என்றால், இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டும்! அதனால் வரைபடத்தில் ஏரியிலிருந்து நீர் வெளியேறும் ஓடையைப் பிடித்துக்கொண்டே கீழே பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பாதை இருக்கிறதா? உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவா? அப்படி நின்றால் அங்கே அருவியோ ஆழமான பிளவோ இருக்கும், இறங்க முடியாது. இறங்க வழியே இல்லாத கிண்ணத்தில் முதல் இரண்டு இரவுகளைக் கழிக்கும்படி திட்டம் போடாதீர்கள். உடல் உயரத்துக்குப் பழகியபின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து பருவம். கோடை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பனி உருகிக் கணவாய் திறப்பதற்கும் அடுத்த பனிப்பொழிவு தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் பல மலைத்தொடர்களில் இரண்டு மூன்று மாதம்தான். அதன் தொடக்கத்தில் ஓடைகள் முரட்டுத்தனமாக ஓடும், கணவாயில் பனி கிடக்கும், கொசுவும் அதிகம். கடைசிப் பகுதியில் நீர் குறைந்து பாதை காய்ந்திருக்கும், ஆனால் இரவுக் குளிர் கடுமை. முதல் தடவை போகிறவர்களுக்குக் கடைசிப் பகுதியே நல்லது என்பது என் கருத்து. பூக்கள் குறைவாக இருக்கும், போகட்டும்.

கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் வடபாதியில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு, அதனால் பனி வாரக்கணக்கில் தாமதமாகத்தான் உருகும். தென்பாதியில் இது தலைகீழ். வடபாதியில் தெற்குப் பக்கமாகக் காய்ந்த பாதையில் ஏறி வந்தவர்கள், உச்சியில் நின்று மறுபக்கம் பார்த்ததும் செங்குத்தான பனியைக் கண்டு திகைத்து நிற்பது இதனால்தான்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம். இது நல்ல பாதையில் இலகுவாக நடப்பவருக்கானது. முதுகில் 14 கிலோவும் 3,500 மீட்டர் உயரக் காற்றும் சேரும்போது வருகிற விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முகாமிலிருந்து கணவாய்க்கு ஆறு கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். தூரத்துக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 70 நிமிடம், மொத்தம் 142. ஒன்றரையால் பெருக்கினால் 213 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை பத்து மணிக்குக் கணவாயில் இருக்க வேண்டுமென்றால் ஆறரைக்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். கூடாரத்தை மடித்து, தேநீர் போட்டு, பையைக் கட்டக் குளிரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக, விழிக்கும் நேரம் ஐந்துக்கு முன்.

பத்து மணி ஏன்? கோடையில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக் காற்று மேலெழும்பி, பிற்பகலில் இடிமழையாக மாறுவது பல மலைத்தொடர்களில் அன்றாட வழக்கம். காலைப் பனி இறுகியிருக்கும்; மதியத்துக்கு மேல் முழங்கால் வரை புதையும். பனி உருகி வரும் ஓடைகளும் பிற்பகலில்தான் பெருகும். இந்த மூன்றும் உங்களை ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகே முகாம் இடத்தை முடிவு செய்யுங்கள். அழகான ஏரி கணவாயிலிருந்து ஆறு மணி நேர நடையில் இருந்தால், அங்கே மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கணவாய்க்கு அருகில் இருக்கும் சாதாரணப் புல்வெளியில் போய்த் தூங்குங்கள். ஆனால் அந்தப் புல்வெளியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்கு அடுத்த பகுதி.

உயரம்

3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடு. 5,500 மீட்டரில் ஏறக்குறையப் பாதி. ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை; அதை உள்ளே தள்ளும் அழுத்தம்தான் குறைகிறது. உயர நோய் வருவதற்கும் உங்கள் உடற்கட்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு. மாரத்தான் ஓடுகிறவர் படுத்துவிடுவார், கூட வந்த மாமா பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பார்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளியது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். கணக்கில் வருவது தூங்கும் உயரம் மட்டும். பகலில் 4,200 மீட்டர் கணவாயைத் தாண்டி 3,600-க்கு இறங்கித் தூங்கினால் அந்த நாள் நல்ல நாள்தான். நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றில் 5,416 மீட்டர் தோரங் லா கணவாய்க்குப் போகிறவர்கள், 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள மனாங் ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது இதற்காகத்தான். அந்த நாளிலும் சும்மா படுத்திருக்க மாட்டார்கள்; பக்கத்து மேட்டில் சில நூறு மீட்டர் ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குவார்கள்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசாத்தியச் சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கூடினால் இறங்குங்கள்.

உயிரை எடுக்கும் வடிவங்கள் இரண்டு. நுரையீரலில் நீர் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், நடை திடீரென்று தளரும். மூளை வீங்கினால் பேச்சு குழறும், தள்ளாட்டம் வரும். தள்ளாட்டத்தைச் சோதிக்கத் தரையில் நேர்க்கோடு ஒன்றைக் கீறி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். கோட்டை விட்டு விலகினால், இருட்டாக இருந்தாலும், மழையாக இருந்தாலும், கூட ஆளோடு அப்போதே இறங்க வேண்டும். 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினால் வித்தியாசம் தெரியும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே இங்கு வேண்டாம்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை, வழக்கமாக 125 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுத்துக்கொள்வதுண்டு. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் கேட்பதே நல்லது. எடுத்தாலும் படிப்படியாக ஏறும் விதி மாறாது. தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டாம். இரவில் மூச்சு சில நொடி நின்று மீண்டும் வேகமாக வாங்குவதைக் கவனித்தால் பயப்படாதீர்கள். உயரத்தில் பலருக்கும் அப்படி வரும்.

பயிற்சி

எட்டு வாரம் போதும். வாரம் இரண்டு நாள் சுமையோடு படி ஏறி இறங்குங்கள், ஒரு நாள் நீண்ட நடை. கடைசி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் முழுச் சுமையோடு நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் எங்கே வலிக்கிறது என்பதுதான் பையையும் ஷூவையும் பற்றிய உண்மையைச் சொல்லும். இறங்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தொடைத் தசை கிழிவதும் முட்டி வீங்குவதும் இறக்கத்தில்தான்.

பை

சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் தவிர்த்த எடை எட்டிலிருந்து பத்து கிலோவுக்குள் இருக்கட்டும். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றி நின்றால் நடை இன்பமாக இருக்கும். எடையைக் குறைக்க வேண்டிய இடங்கள் பை, கூடாரம், படுக்கை ஆகிய மூன்றுதான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டிவிட்டு மூன்று பேன்ட் எடுத்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்ததில் வசதி (comfort), எல்லை (limit), உச்சம் (extreme) என்று மூன்று எண்கள் இருக்கும். வசதி எண்ணை மட்டும் பாருங்கள். உச்ச எண் என்பது உயிர் போகாமல் இருக்கலாம் என்பதற்கான கணக்கு. அதில் தூக்கம் வராது. எதிர்பார்க்கும் இரவுக் குளிரைக் கணக்கிட, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் ஏறும். விலை உயர்ந்த பேக் வாங்கிவிட்டு மெல்லிய பாயில் படுத்தால் முதுகு விறைக்கும், ஏனென்றால் உடலுக்கடியில் நசுங்கிய பஞ்சு சூட்டைத் தடுக்காது. பாயின் ஆர் மதிப்பு (சூடு தரைக்குப் போகாமல் பாய் தடுக்கும் அளவு) நான்குக்கு மேல் இருக்கட்டும். இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம்.

உடைக்கு ஒரே தடை பருத்தி. நனைந்தால் காயாது, சூட்டையும் உறிஞ்சிவிடும். உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃப்ளீஸ், நின்றால் போட்டுக்கொள்ள இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைச்சட்டை. ஒரு ஜோடி காலுறையும் ஒரு மெல்லிய உள்ளுடைத் தொகுப்பும் தூங்குவதற்கென்றே நீர் புகாத உறையில் இருக்க வேண்டும். பகலில் என்ன நடந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு அளவில் கூடுகிறது, புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கிறது. கண் வெந்துபோனால் அன்று மாலை மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். ஓரிரு நாள் கண் திறக்க முடியாது. சன்ஸ்கிரீனை மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பிலும் தாடைக்கு அடியிலும் தடவுங்கள். பனியில் வெயில் கீழிருந்தும் வரும்.

பையை அடுக்கும்போது கனமானவை முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரட்டும். படுக்கை அடியில். மழைச்சட்டை, கையுறை, தின்பண்டம், ஹெட்லாம்ப் ஆகியவை பையை முழுதாகத் திறக்காமல் எட்டும் இடத்தில். கணவாய்க் காற்றில் விரல் மரத்துப்போய் ஜிப்பை இழுக்கவே திணறும்போது இந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

சாப்பாடும் எரிபொருளும்

ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர்ந்த உணவு. கிராமுக்கு நான்கு முதல் நாலரை கலோரி சராசரி வந்தால் 2,400-லிருந்து 3,150 கலோரி வரை கிடைக்கும். மாவுச்சத்து கிராமுக்கு நான்கு, கொழுப்பு ஒன்பது. அதனால் கொட்டைகளும் எண்ணெயும் எடைக்கு நல்ல மதிப்பு தருபவை. ஆனால் உயரத்தில் பசி செத்துவிடும், கொழுப்பைக் கண்டாலே குமட்டும். முதல் இரண்டு நாளுக்கு மாவுச்சத்தும் உப்பும் புளிப்பும் உள்ளதாக வையுங்கள். ஒரு நாள் சாப்பாட்டைக் கூடுதலாக எடுங்கள். கணவாயில் வானிலை மோசமானால் கூடாரத்துக்குள் ஒரு நாள் காத்திருக்கும் தைரியம் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் முழு அரிசியும் வேக நெடுநேரம் ஆகும், எரிபொருள்தான் தீரும். கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஊறிவிடும் உணவுகளே சரி.

கேஸ் கேனிஸ்டர் வாங்கும்போது கலவையைப் பாருங்கள். சாதாரண பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 11 வரையும், புரோப்பேன் மைனஸ் 42 வரையும் தாங்கும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது வேண்டும். இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்கின் காலடியில் போட்டுக்கொண்டு தூங்குங்கள். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் குளிர்நீரைக் கொதிக்கவைக்க 10 முதல் 15 கிராம் செலவாகும், காற்றடித்தால் இரட்டிப்பு. விமானத்தில் கேனிஸ்டரை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, போகும் ஊரில்தான் வாங்க வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். தீயைவிட, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடுதான் ஆபத்து.

கணவாய் நாள்

முந்தைய மாலையே பாதையின் முதல் அரை மணி நேரத்தை நடந்து பார்த்துவிடுங்கள். ஓடையை எங்கே தாண்டுவது, கற்குவியல் குறிகள் எங்கே தொடங்குகின்றன என்பது இருட்டில் தேட வேண்டிய விஷயம் அல்ல. பாட்டில்களை நிரப்பி, உறையாமலிருக்கத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும்.

விடியலில் புறப்பட்டதும் வேகம் எடுக்காதீர்கள். முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். செங்குத்தான இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் பின்காலை நேராக நீட்டி, எடையை எலும்பின்மேல் ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் அடுத்த அடி. பார்க்கச் சோம்பலாகத் தெரியும். ஆனால் விறுவிறுவென்று ஏறி ஏறி நிற்பவரைவிட இப்படி நடப்பவர் முன்னால் போய்ச் சேருவார்.

ஒன்பது மணியிலிருந்து வானத்தைப் பாருங்கள். பஞ்சு மேகங்கள் பக்கவாட்டில் பரவினால் கவலையில்லை. அகலத்தைவிட உயரம் கூடிக் கோபுரம் போல எழும்பத் தொடங்கினால் உங்களுக்கு இருக்கும் நேரம் சுருங்குகிறது. திரும்பும் நேரம் ஒன்றைக் காலையிலேயே குழுவாகப் பேசி முடிவு செய்யுங்கள். நண்பகல் என்று வைத்தால் நண்பகல்தான். கணவாய் கண்ணுக்கு முன்னால் நூறு மீட்டரில் நிற்கும்போது எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடி அல்லது அதற்குக் குறைவு என்றால் மின்னல் சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே முகட்டை விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே ஏறாதீர்கள். தனித்து நிற்கும் மரம், பாறையின் முகப்புக் குகை, கூடாரம் எதுவும் காப்பாற்றாது. இறங்க வழியில்லாவிட்டால் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுத் தாழ்வான இடத்தில் குந்துங்கள், ஒரே அடியில் எல்லோரும் விழாமலிருக்க.

உச்சியில் பனி வளைந்து விளிம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் போய் நின்று கீழே எட்டிப் பார்க்காதீர்கள். அடியில் வெற்றிடம் இருக்கும். படம் எடுத்து, ஏதாவது தின்று, காலுறையைச் சரிசெய்துகொண்டு கால் மணி நேரத்தில் கிளம்புங்கள்.

இறங்கும் பக்கத்தில் கம்பின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். உதிர்கல் சரிவில் ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் வரக் கூடாது. கல் உருண்டால், சின்னக் கல்லானாலும், "கல்லு!" என்று கத்துங்கள். பனிச் சரிவு காலையில் கண்ணாடியாக இருக்கும். ஷூவில் மாட்டும் சிறு ஆணிப்பட்டை மிதமான சரிவுக்குப் போதும். கீழே பாறையோ நீரோ இருக்கும் செங்குத்துப் பனியில் அது போதாது. பனிக்கோடரியும் அதைப் பிடித்து விழுதலை நிறுத்தத் தெரிந்த கையும் இல்லையென்றால், வெயில் பட்டுப் பனி சற்று இளகக் காத்திருங்கள், இல்லாவிட்டால் திரும்புங்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் 4,009 மீட்டர் ஃபாரெஸ்டர் கணவாயை வசந்த காலத்தில் கடப்பவர்கள் விடியற்காலையில் அங்கே இருக்கப் பார்ப்பது இதன் இன்னொரு முகம். அங்கே பனிப் பள்ளம் ஒன்றைக் குறுக்காகத் தாண்ட வேண்டும், வெயில் ஏறினால் பனி குழைந்துவிடும். எந்தச் சரிவுக்கு எந்த நேரம் என்பதை அது பார்க்கும் திசையும் அதன் சாய்வும் சொல்லும்.

ஓடையைக் கடப்பது

மலைநடையில் இடியைவிட, கரடியைவிட, ஓடையைத்தான் நான் மதிக்கிறேன். பனியாற்று ஓடை விடியலில் கணுக்கால் அளவில் இருக்கும், மாலையில் அதே இடத்தில் தொடை வரை ஓடும். மாலையில் வந்து சேர்ந்து நீர் அதிகமாக இருந்தால் இந்தக் கரையிலேயே தூங்கிவிட்டுக் காலையில் கடந்தால் வேலை முடிந்தது.

குறுகலான இடத்தைத் தேடாதீர்கள், அங்கே ஆழமும் வேகமும் அதிகம். அகன்று கிளை பிரியும் இடமே நல்லது. கீழே அருவி, சாய்ந்து கிடக்கும் மரங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். வெறுங்காலோடு இறங்காதீர்கள். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, எப்போதும் இரண்டு புள்ளிகள் தரையில் இருக்கும்படி பக்கவாட்டில் நகருங்கள். வேகமான நீர் முழங்காலைத் தாண்டினால் பின்வாங்குங்கள். அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே வேண்டாம்.

ஏரிக்கரை இரவு

ஏரியின் நிறத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேலே இன்னும் பனியாறு இருந்தால் அது பாறையை மாவாக அரைத்து அனுப்பும். அந்த நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் பச்சை கலந்த அந்த நீலம் வருகிறது. துகள் மிக அதிகமானால் பால் போல ஆகிவிடும். பனியாறு போய்விட்ட கிண்ணத்து ஏரி தெளிந்து, ஆழமான நீலமாக இருக்கும்.

ரசித்துவிட்டுத் தள்ளிப் படுங்கள். இரவில் குளிர்காற்று கனத்துக் கீழிறங்கி, கிண்ணத்தின் அடியில், அதாவது ஏரிக்கரையில், தேங்கும். ஈரமும் அங்கேதான். கரையோரம் அடித்த கூடாரத்தின் உட்பக்கம் விடியலில் வெண்மையாக உறைந்திருக்கும், எழும்போது தலை இடித்தால் முகத்தில் பொலபொலவென்று கொட்டும். கரையிலிருந்து 60 மீட்டருக்கு மேல் விலகி, பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் உள்ள திட்டில் கூடாரம் அடித்தால் இரவு கதகதப்பாக இருக்கும், கரைப் புல்லும் பிழைக்கும். பல பூங்காக்களில் இந்த 60 மீட்டர் சட்டமாகவே இருக்கிறது. புதிதாகக் கல் விழுந்த தடம் தெரியும் பாறைச்சரிவின் அடியிலும், காய்ந்த ஓடைப் படுகையிலும் அடிக்காதீர்கள். மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேற, குளிரானாலும் மேல் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

ஏரியில் குதிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பனிநீரில் விழுந்த முதல் ஓரிரு நிமிடத்தில் உடல் கட்டுப்பாடில்லாமல் மூச்சை இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் நீரையே இழுக்கும். நல்ல நீச்சல்காரர்களும் இதில் மூழ்கியிருக்கிறார்கள். காலூன்றி நிற்கும் ஆழத்தில் மெதுவாக இறங்குங்கள், கரையில் ஒருவர் உலர்ந்த உடையோடு நிற்கட்டும். உடம்பில் சன்ஸ்கிரீனோடு இறங்காதீர்கள். சோப்பு வேண்டாம், மக்கும் சோப்பானாலும் வேண்டாம். இந்த நீர்களின் உயிர்ச்சூழல் மிக மெல்லியது. சியரா நெவாடாவில் மீன்களே இல்லாத ஏரிகளில் தூண்டில் பொழுதுபோக்குக்காக ட்ரவுட் மீன்களை விட்டார்கள். அவை தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்ததில் மஞ்சள் கால் தவளைகள் பல ஏரிகளிலிருந்தே மறைந்துபோயின.

குடிநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சுத்திகரியுங்கள். மேலே கால்நடை மேயும். கொதிக்கவைத்தால் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குளோரின் டை ஆக்சைடு மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைக் கொல்ல நான்கு மணி நேரம் எடுக்கும், அதனால் இரவில் போட்டு வையுங்கள். குழல் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும். வெளியே எதுவும் தெரியாது, கிருமி மட்டும் தாராளமாக வரும். அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போடுங்கள். கைபேசி, பவர் பேங்க், கேனிஸ்டர், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து படுக்கையில் உங்களுக்கு இடம் கொஞ்சம் குறையும், வேறு வழியில்லை.

மலம் கழிக்க நீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. மரக்கோட்டுக்கு (மரங்கள் வளரும் உயர எல்லைக்கு) மேலே மண் மெல்லியது, குளிரில் எதுவும் மக்காது. அங்கே பையில் கட்டிக் கீழே கொண்டுவருவதுதான் முறை. காகிதம் எப்போதும் திரும்பி வர வேண்டும்.

கரடி உள்ள பகுதியில் உணவு, பற்பசை, சன்ஸ்கிரீன் எல்லாம் கூடாரத்துக்கு வெளியே. சியராவின் பல பகுதிகளில் கரடி திறக்க முடியாத டப்பா சட்டப்படியே கட்டாயம்.

ஏதாவது தவறினால்

கைபேசியில் இணையமின்றி இயங்கும் வரைபடம், அதோடு காகித வரைபடம். குளிரில் பேட்டரி சட்டென்று விழும், அதனால் பகலில் உடலை ஒட்டிய பையில் வையுங்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவி நல்ல துணைதான். ஆனால் இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். போகும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கருவி எதுவும் இல்லாதபோது மலைகளில் பொதுவான அபாயக் குறி ஒன்று உண்டு. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் ஓய்வு, மீண்டும் ஆறு. பார்த்தவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். விசிலைப் பைக்குள் வைக்காமல் தோள்பட்டையில் கட்டிக்கொள்ளுங்கள்.

குளிரில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுங்குவதை நிறுத்தி, பேச்சு மந்தமானால் அது தேறிவிட்ட அடையாளம் அல்ல, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, பாயின்மேல் படுக்கவைத்து, உதவி வரவழையுங்கள். சூடேற்றக் கை காலைத் தேய்க்க வேண்டாம்.

சின்ன விஷயம், ஆனால் பயணங்களை அதிகம் முடித்துவைப்பது கால் கொப்புளம். எரிச்சல் தோன்றிய ஐந்தாவது நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள், குழு முணுமுணுத்தாலும் பரவாயில்லை. கிளம்பும் முன் கால் நகங்களை வெட்டியிருக்க வேண்டும், இறக்கத்தில் அவை ஷூவின் முனையில் இடித்துக் கறுத்துவிடும்.

வீட்டில் ஒருவரிடம் நாள்வாரித் திட்டத்தையும், வெளியேறும் வழிகளைக் குறித்த வரைபடத்தையும், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் காத்திருக்கும் ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு அவருக்கே. குளியலும் சாப்பாடும் அதற்கப்புறம்.